பாயாரான் பாலிக்: பணம் எந்தப் பக்கம் திரும்பும்?

பெர்மாஸ் ஜெயா,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மணியம் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கஸ்தூரியின் கணவன் மதிவாணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். பெக்கான் நானாஸில் உங்கள் முதுகுவலி குறைந்து அன்னாசி விலை கூட வேண்டுகிறேன்.

இது பண உதவி கேட்டு எழுதும் கடிதம் அல்ல. எங்கள் கல்யாண விருந்தில் உங்கள் பக்கத்து மேசைகளுக்கு ஐஸ்கிரீம் இரண்டு முறை வந்தது. என் பக்கத்துக்கு ஒரு முறைகூட வரவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாகியும் நீங்கள் அதற்கு விளக்கம் தரவில்லை. என் தொழிற்சாலை மூடி ஏழு மாதமாகிறது, அதையும் நீங்கள் விசாரிக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் நான் கை நீட்டுவதாக இல்லை. நடந்த அநியாயத்துக்குக் குடும்பத்தில் ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளம் நின்றதும் காப்புறுதி, கடன் என்று மாதாமாதம் தானாகப் பிடிக்கும் பணம் எதையும் என் கணக்கில் பிடிக்க முடியவில்லை. முடியாமல் போன ஒவ்வொரு முறைக்கும் வங்கி பதினைந்து ரிங்கிட் அபராதம் போட்டது. பத்தொன்பது முறை, இருநூற்று எண்பத்தைந்து ரிங்கிட்! இல்லாதவனிடம் 'உன்னிடம் இல்லை' என்று சொல்வதற்கு ஒரு கட்டணம். வேலை போனவர்கள் மனுக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் போனேன். மகள் ஷர்மினிக்கு பாலிடெக்னிக் கட்டணம் இருநூற்றைம்பது கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கவுண்டரில் விஜிதா என்ற நம் தமிழ்ப் பெண் இருந்தாள். 'பாயாரான் பாலிக்' பாரம், அதாவது பணம் திரும்பும் பாரம், வேண்டும் என்று சுத்தமான மலாயில் கேட்டேன். கொடுத்தாள்.

"அங்கிள், படிச்சுட்டு சைன் பண்ணுங்க. வேணும்னா நான் சொல்றேன்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மலாய்ல ஏ வாங்குனவன்மா நான். எனக்கே சொல்லித் தரியா?"

ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நேற்றுக் காலை கணக்கைப் பார்த்தால் முந்நூறு ரிங்கிட்! பதினைந்து கூடுதலாக இருந்தது. மன்னிப்புக் கேட்கும் முறை போலும் என்று நெஞ்சு நிமிர்ந்தேன். ஷர்மினியைக் கூப்பிட்டேன். அவள் கட்டணப் பக்கத்தைத் திறப்பதற்குள் கணக்கில் பூஜ்ஜியம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி வங்கிக்கு ஓடினேன்.

"அங்கிள், நீங்க சைன் பண்ணது கடன் கட்டற பாரம். கணக்குல எந்தக் காசு வந்தாலும் கடனுக்கு எடுத்துக்கலாம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"அலமாக்! பாலிக்னா திரும்பி வரதுதானேம்மா?"

"திரும்பித்தான் வந்திருக்கு, அங்கிள். பேங்குக்கு."

மச்சான், வங்கி வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதும் பாயாரான் பாலிக், வாடிக்கையாளர் வங்கிக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதும் பாயாரான் பாலிக்! ஒரு மொழி இப்படியா துரோகம் செய்யும்? முதலில் கொடுப்பது போல் கொடுத்து, அரை மணி நேரத்தில் பிடுங்கிக்கொண்ட அந்த வங்கியை நான் சும்மா விடப்போவதில்லை.

கஸ்தூரியின் அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லாதிருக்கட்டும். இருந்தாலும் எழுதித் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மதிவாணன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கஸ்தூரி அழுகிறாள். "அந்த முன்னூறு பேங்க் கொடுத்தது இல்லைங்க. எங்க அண்ணன் ஷர்மினி பீஸுக்காக பேங்க் மெஷின்ல உங்க கணக்குல போட்டது. உங்ககிட்ட சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்கன்னுதான் வாயத் தொறக்கல." மச்சான், வங்கி எனக்கு ஒரு காசும் தரவில்லை; உங்கள் பணத்தை நானேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தபாலில் போட்டால் இது வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது. அதனால் நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். இருநூற்றைம்பது போதும், கையிலேயே கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தைப் படிக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.