போசிக்காரர் கவிழ்த்த அண்டா

கோயமுத்தூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலையைப் பார்க்காமல் ரச வாளியின் அடியைப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் போசிக்காரர்தான். கவிழ்ப்பதற்கு முன்னால் வாளியில் ரசம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

போசி என்றால் எங்கள் பக்கத்தில் பாத்திரம். கணபதியில் நான் டைப்பிஸ்டாக இருந்த பம்ப் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். சம்பளம் நட்டு போல்ட்டுக்கு, உயிர் பித்தளைக்கு. சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா? அதைப் படித்தே யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்லிவிடுவார்.

“காயிதத்தக் கரையான் திங்கும், மனுசன் பொய் சொல்லுவான். போசி சொல்லாதுங்க அம்மணி” என்பார்.

சூலூரில் சுவர்த் தகராறு செய்துகொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்களை, இரண்டு சொம்புகளை வைத்து ஒரே பாட்டியின் பேரன்கள் என்று நிரூபித்தார். சமாதானம் ஆகவில்லை. அதுவரை சுவருக்கு மட்டும் சண்டை. பிறகு பாட்டி நகைக்கும் சேர்த்துச் சண்டை.

அவர் வீட்டில் மட்டும் பித்தளையே கிடையாது. தனி ஆள், ஒரே ஓர் அலுமினியக் குண்டா.

“இதுல பேரு ஒண்ணும் காணமுங்களே அண்ணா?”

“எனக்கு ஆரு அம்மணி சீரு செஞ்சாங்க, பேரு வெட்டறதுக்கு?” என்று சிரித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், என் கணவர் தவறிய மறு வருஷம், மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா தங்கமானவர். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மொதப் பத்திரிகைய உங்க கொலசாமிக்கு வெச்சுப்போட்டு வந்துருங்க. அப்பறம் மத்ததப் பேசலாம். எந்தக் கோயிலுங்க?”

நான் விழித்தேன். என் கணவரின் தாத்தா கருப்பண்ணன் எங்கிருந்தோ மில் வேலைக்கு வந்தவர். ஊர் தெரியாது, சாமி தெரியாது. கேட்கலாம் என்றால் கணவரும் இல்லை. முன்பு ஒரு சம்பந்தம் இதே கேள்வியில்தான் தட்டிப் போயிருந்தது. அன்றைக்கு மகள் புதுப்புடவையை மடித்து வைத்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆபீசில் டைப் அடித்தால் எழுத்துகள் மேலும் கீழுமாக விழுந்தன.

விஷயம் தெரிந்ததும் போசிக்காரர் எங்கள் வீட்டுப் பரணில் ஏறினார். தாத்தா காலத்து அண்டாவை இறக்கி, கவிழ்த்து, புளி போட்டுத் தேய்த்தார். ‘ராமாத்தாள் சீர், தோப்பு வீடு, கிணத்துக்கடவு.’

“கெடச்சுப்போச்சு அம்மணி! இதுதான் உங்க ஊடு!”

ஞாயிற்றுக்கிழமை அண்டாவோடு பொள்ளாச்சி பஸ் ஏறினோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

“லக்கேஜ் இல்லீங்க தம்பி, இவிய பாட்டனாருங்க” என்று வாதாடினார் போசிக்காரர்.

“பாட்டனாருன்னா முழு டிக்கெட்டுங்க” என்றார் கண்டக்டர்.

கிணத்துக்கடவில் தோப்பு வீட்டம்மா அண்டாவின் அடியில் இருந்த பெயரைப் படித்ததும் உள்ளே திரும்பிக் கூவினார். “ஏனுங்க, வெரசா வாங்க! நம்ம அண்டா வந்துருச்சு!”

சொந்தக்காரர்கள் வரவேற்கும் அழகைப் பார்த்தீர்களா என்பதுபோல் போசிக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

அந்தம்மா தொடர்ந்தார். “எரவல் வாங்கிட்டுப் போனதக் கொண்டாந்து குடுக்கற லட்சணத்தப் பாருங்க!”

நாங்கள் உறவே இல்லை. அண்டாவைத் திருப்பித் தராத வம்சம். பிறந்ததிலிருந்து எந்தப் போசியும் தன்னிடம் பொய் சொல்லியிராத மனிதர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் கண் முன்னால் மறுபடியும் அந்தப் புடவை மடிந்தது.

“எங்க மாமியா ராமாத்தா, தன் சீரு அண்டா போச்சேன்னு சாகற வரைக்கும் உங்காளத் திட்டாத நாளில்லீங்க” என்றார் அந்தம்மா.

போசிக்காரர் தலை நிமிர்ந்தது. “என்னன்னுங்க திட்டுவாங்க?”

“‘சத்தியமங்கலத்துல இருந்து பஞ்சம் பொழைக்க வந்த கருப்பண்ணன், கல்யாணத்துக்கு அண்டா வேணும்னு, அவங்க கொலசாமி ஆத்தங்கரைக் கன்னிமாரு மேல சத்தியம் பண்ணி வாங்குனானே! வெளங்குவானா?’ன்னு திட்டுவாங்க.”

ஊர், சாமி இரண்டும் ஒரே திட்டில் கிடைத்தன. சொந்தப் பேரன்கள் மறந்துபோனதை, அண்டா பறிகொடுத்தவர்கள் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தார்கள்!

“தாயி, கோவிச்சுக்காதீங்க. இன்னொருக்கா திட்டுங்க. எழுதிக்கறேன்” என்று பேனாவை எடுத்தார் போசிக்காரர்.

அண்டாவை அங்கேயே விட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுத் திரும்பினோம். சத்தியமங்கலத்தில் பவானிக் கரையோரம் கன்னிமார் கோயில் இருந்தது. பூசாரிக்குக் கருப்பண்ணனின் வகையறாவைத் தெரிந்திருந்தது. நான் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டேன். போசிக்காரர் சாமிக்கு அருகில் குனிந்து, “அண்டாவக் குடுத்தாச்சுங்க” என்று தகவல் சொன்னார்.

கல்யாணத்தன்று சீர்வரிசையில் ஒரு புது அண்டா இருந்தது. போசிக்காரர் வழக்கம்போல் கவிழ்த்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

‘தாய்மாமன் போசிக்காரர் சீர், கணபதி.’

“அம்மணி, இது தப்பான தகவலுங்க” என்றார்.

“இருக்கட்டுங்ணா. நாந்தான் வெட்டச் சொன்னேன்” என்றேன்.

நாளைக்கு என் பேரன் பேத்தி யாராவது அதைக் கவிழ்த்துப் பார்த்து, இந்தத் தாய்மாமன் எந்த வழி என்று ஊர் ஊராகத் தேடட்டும். எங்கே தேடினாலும் கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும்.