ஆட்டம் பார்க்காத ட்ரேட் அண்ணை

ரொறன்ரோவில் பேஸ்போல் பற்றி ட்ரேட் அண்ணையை விட அதிகம் தெரிந்த தமிழர் கிடையாது. ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் அவ்வளவும் தெரிந்து வைத்திருந்தவர் இந்தக் கண்டத்திலேயே கிடையாது.

ஸ்காபரோவில் பாணும் பணிஸும் சுடும் ஒரு பக்டரி. மூன்றாம் லைனில் நானும் அவரும் எதிரெதிரே நின்று பணிஸ்களைப் பைகளில் அடைப்போம். கோடை முழுக்க மனுசன் வாயே திறக்கமாட்டார். ஒக்ரோபரில் கடைசி ஆட்டம் முடிந்து ஊர் பேஸ்போலை மறந்த பிறகுதான் அவருக்கு உயிர் வரும். எந்த ரீம் ட்ரேட்டில் யாரைக் கொடுத்து யாரை வாங்கியது, எவனுக்கு எத்தனை வருட ஒப்பந்தம், எந்த மனேஜரின் சீட்டுக் கிழிந்தது என்று தேத்தண்ணி இடைவேளையில் போனைப் பார்த்து எங்களுக்கு வாசிப்பார். பக்டரிக் குலுக்கலில் ஒருமுறை ஆட்ட டிக்கெட் விழுந்தது. அதை ஒரு பிலிப்பீன்ஸ்காரரிடம் கொடுத்து, பனிக்குப் போடும் கையுறை ஒரு சோடி வாங்கிக்கொண்டார். தான் செய்த ட்ரேட்டுகளிலேயே சிறந்தது அதுதான் என்று பலகாலம் சொல்லித் திரிந்தார்.

ஏன் ஆட்டம் பார்ப்பதில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் ஓடி ஓடி வெளிக்கிட்ட இடத்துக்குத்தானே திரும்ப வாறாங்கள். உதில என்ன புதினம்?"

அந்தப் புத்தியை வீட்டுக் காரியங்களிலும் காட்டினார். தமக்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், ஆட்டக்காரரின் ஒப்பந்தம்போல ஐந்து வருடம் கழித்து விலகும் உரிமை மாப்பிள்ளைக்கா பொம்பிளைக்கா என்று மிக மரியாதையாகக் கேட்டார். வந்தவர்கள் வடையைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். தமக்கை ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை.

எங்கள் பக்டரிக்குப் பெரிய ஓடர் ஒன்று கைவிட்டுப் போனபோது, "தோத்தா ரீமை மாத்தேலாது, மனேஜரைத்தான் மாத்துவாங்கள்" என்றார். இரண்டு கிழமையில் சுப்பவைசரை வேலையால் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அண்ணையின் வாயைப் பார்த்து நாங்கள் கொஞ்சம் பயந்தோம்.

ஒரு செய்தி வந்தால் மட்டும் தேத்தண்ணியை ஆறவிட்டு இரண்டு தரம் வாசிப்பார். சில ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்குமாம். அவன் சம்மதிக்காமல் அவனை வேறு ஊருக்கு அனுப்ப முடியாது. "கேட்டுத்தான் அனுப்பவேணுமாமடா," என்று சொல்லிவிட்டு ஆறின தேத்தண்ணியைக் குடிப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பத்து வருடமாகக் கார் ஓடுகிற அந்த மனிதர் ஒருநாளும் ஹைவேயில் ஏறியதில்லை, அவ்வளவு பயம். மல்வேர்னில் இருக்கும் தன் வீட்டிலிருந்து றிச்மண்ட் ஹில் கோயிலுக்குச் சிக்னல் சிக்னலாக நின்று போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்துவிடும்.

போன நவம்பரில் லஞ்ச் ரூம் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். எட்டுப் பேர் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மிசிசாகா பக்டரிக்கு மாற்றம், வராதவர்களுக்கு வேலை இல்லை. மூன்றாவதாக என் பெயர். எனக்குக் கார் கிடையாது. மனைவிக்குப் பின்னேர வேலை. மகளின் டேகெயார் ஆறு மணிக்குப் பூட்டும். மூன்று பஸ் பிடித்து ஆறு மணிக்குள் நான் திரும்புவதென்பது நடக்காத கதை. அண்ணையிடம் சொன்னேன்.

"உன்னை ஆரும் கேட்டவையே?"

"இல்லை அண்ணை."

திங்கட்கிழமை பட்டியலில் என் பெயரை வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் பேனையால் அவருடைய பெயர். புதுச் சுப்பவைசரிடம் தானே போய்ப் பேசியிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துச் செய்தி வாசிக்கிற அதே குரலில் சொன்னார்.

"கிழவன் ஒருத்தனைக் குடுத்து, இளம் ஆள் ஒருத்தனை வைச்சிருக்கினம். ரீமுக்கு நல்ல ட்ரேட்."

"உங்களுக்கு?"

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாழ்ப்பாணத்தால கிளப்பினாங்கள், வன்னியால கிளப்பினாங்கள், முகாமுக்கு ஏத்தினாங்கள். ஒருத்தனும் என்னைக் கேக்கேல்லை. உந்த ஒண்டுக்குத்தான் நான் ஓம் எண்டு சொல்லிப் போறன்."

இன்றுவரை அவர் ஹைவேயில் ஏறவில்லை. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, நகரத்தின் அத்தனை சிவப்பு விளக்குக்கும் நின்று நின்று மிசிசாகா போகிறார் என்று அவர் தமக்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நவம்பரில் ட்ரேட் செய்திகளை மூன்றாம் லைனுக்கு நான்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு ட்ரேட்டுக்கும் கீழே வென்றது யார் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் ட்ரேட்டில் வென்றது நான்தான் என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு மணிக்கு முன்னால் டேகெயார் வாசலில் நிற்கும்போது எனக்கும் அப்படித்தான் தெரியும். தேத்தண்ணி நேரத்தில் அண்ணை இருந்து வாசித்த எதிர்க் கதிரையைப் பார்த்தால் மட்டும் தோற்றவன் போல இருக்கும்.