பூட்டுக்கும் கடப்பாரைக்கும் நடுவில் நிற்கும் தம்பிக்கு

பொறுமையும் படிப்பும் நிறைந்த, முடிவு மட்டும் எடுக்கத் தெரியாத என் அருமைத் தம்பிக்கு, உன்னை இடுப்பில் சுமந்து இடுப்பு வலி வாங்கிக்கொண்ட அக்கா அன்புடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் வீட்டுக்காரரும் மகளும் சுகம். நான் அவர்கள் இருவரோடும் பேசுகிறேன். அவர்கள் இருவரும் என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். உப்பு கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் "உன் பொண்ணை உப்பைத் தள்ளச் சொல்லு" என்கிறார் உன் மச்சான். "தள்ளினா அதையும் பூட்டி வச்சுக்குவாரான்னு கேளும்மா" என்கிறாள் அவள். மற்றபடி குறையொன்றுமில்லை. தொண்டை சரியில்லை என்று நீ போய் உட்கார்ந்திருக்கும் மாமியார் வீட்டில் நீயும் உன் தொண்டையும் எப்படி இருக்கிறீர்கள்?

போனை அணைத்து வைத்துவிட்டு, "தேர்தல்ல நிக்கட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள்ள வாபஸ் வாங்கட்டுமா, நீயே சொல்லுக்கா" என்று நாலு பக்கத்துக்குக் கடுதாசி எழுதியிருக்கிறாய். அதில் இரண்டு பக்கம் நிற்கலாம் என்கிறது, இரண்டு பக்கம் வேண்டாம் என்கிறது. ஏன்டா, நான் படிச்சதே அஞ்சாவது, அதிலயும் பாதி நாள் உனக்கு மூக்குத் துடைக்கவே சரியாப் போச்சு, என்கிட்ட வந்து அரசியல் கேக்கறியே! ஆனாலும் உன் நிலைமை எனக்குப் புரியாம இல்லை. பூட்டுக்கட்சிக்காரங்க என்ன சொல்றாங்க? எல்லாக் கதவையும் பூட்டு, வெளியாள் யாரும் வரக்கூடாது, எல்லாம் தானா சரியாயிடும்ங்கறாங்க. கடப்பாரைக்கட்சி என்ன சொல்லுது? இந்தக் கட்டடமே உளுத்துப் போச்சு, மொத்தமா இடி, அப்புறம் எங்க படுக்கிறதுன்னு யோசிக்கலாம்ங்குது. நீ என்ன சொல்றே? சுவர் இருக்கட்டும், கதவும் திறந்தே இருக்கட்டும், ஒழுகுற குழாயை மாத்துவோம்ங்கறே. நியாயம்தான், ஆனா குழாய் மாத்தறேன்னு சொல்றவனுக்கு எவன்டா விசில் அடிப்பான்? அந்தக் காலத்துல பஸ் பணிமனையே உன் பக்கம் இருந்துச்சு, இப்ப உன் மச்சான் உட்பட எல்லாரும் பூட்டு வாங்கிட்டாங்க. காலேஜ் பிள்ளைங்க உன் பக்கம் இருந்துச்சுங்க, இப்ப என் பொண்ணு உட்பட எல்லாம் கடப்பாரை தூக்கிடுச்சுங்க. நீ நின்னா ஓட்டுப் பிரிஞ்சு பூட்டு ஜெயிச்சிடும்னு கடப்பாரைக்காரங்க அழறாங்க, நீ கடப்பாரையோட வாலுன்னு பூட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி, உனக்குக் கூடுதலா நடுவுலயும் குத்து.

சரி, உன் கேள்விக்கு என் பதிலைச் சொல்றதுக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை உன் கட்சியோட சங்கக் கூடத்துல நடந்த கூத்தைக் கேளு. அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாவி வச்சிருக்கிறது நான்தான்னாலும், சட்டம் போட்டது நீதான். "அக்கா, கூடம் எல்லாருக்கும் பொது, யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லாதே, அதுதான் ஜனநாயகம்"னு சொன்னியா இல்லையா? பூட்டுக்காரங்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டாங்க, சரின்னேன். கடப்பாரைக்காரங்க அதே சாயங்காலம் கேட்டாங்க, ஜனநாயகமாச்சே, சரின்னேன். நடுவுல இருக்கிற மடக்குத் தட்டியை இழுத்து விட்டா ரெண்டு கூடம், இதுல என்ன கஷ்டம்னு நினைச்சேன். உன் கிளைக்கமிட்டி கூடறதும் செவ்வாய்க்கிழமைதான்ங்கறது எனக்கு மறந்தே போச்சு. நீ வாபஸ் வாங்கறதா வேண்டாமான்னு தீர்மானம் போட வாத்தியாரும் நர்ஸம்மாவும் இன்னும் நாலு பேரும் வந்து நின்னா, உக்கார இடமில்லை. சொந்தக் கட்டடத்துல இடமில்லாத கட்சி உலகத்துலயே உன்னோடதாத்தான் இருக்கும்! கழிப்பறைக்குப் போற நடைபாதையில நாற்காலி போட்டுக் கொடுத்தேன். வாத்தியார் கோவிச்சுக்கலை. "ஒரு வகையில பார்த்தா இதுவும் மையமான இடம்தான்" அப்படின்னார்.

அந்தப் பக்கம் ஒருத்தன் "பூட்டு!"ன்னு கத்தறான், இந்தப் பக்கம் ஒருத்தி "இடி!"ன்னு கத்தறா, தட்டி நடுங்குது. நடைபாதையில உன் ஆளுங்க, வாபஸ் வாங்கச் சொல்ற யோசனையை 'வன்மையாக'க் கண்டிக்கிறதா, 'ஓரளவு வன்மையாக'க் கண்டிக்கிறதான்னு விவாதம் பண்றாங்க. நர்ஸம்மா பொறுக்க முடியாம, "ஊசி போடறதுன்னா போடணும், ஓரளவுக்கு ஊசி போட முடியுமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு வாத்தியார், "நல்ல கருத்து, அதையும் குறிச்சுக்குங்க"ன்னார்.

அப்பத்தான் வந்துச்சு வரிசை. ரெண்டு பக்கமும் கத்திக் கத்தித் தண்ணி குடிச்ச கூட்டம், கழிப்பறையோ ரெண்டுல ஒண்ணுதான் தாழ்ப்பாளோட இருக்கு. (இன்னொண்ணுக்குத் தாழ்ப்பாள் போட நீ துணைக்குழு அமைச்சே, ஞாபகம் இருக்கா? அவங்க இன்னும் ஆராயறாங்க.) பூட்டுக்காரனுக்கு அடுத்து கடப்பாரைக்காரன், அவனுக்கு அடுத்து பூட்டுக்காரன், எல்லாம் ஒரே வரிசையில நெளிஞ்சுக்கிட்டு நிக்குதுங்க. அதுல என் பொண்ணு நிக்கிறா, அவளுக்குப் பின்னால யாருன்னு பார்த்தா உன் மச்சான். சர்க்கரைக்காரராச்சே, முகமே கோணிப் போச்சு. அவ திரும்பிப் பார்த்தா. பல நாளா நேருக்கு நேர் பேசாதவ, "நீங்க முதல்ல போங்கப்பா"ன்னு விலகி நின்னா. அவரும், "இல்லம்மா, உனக்கும் அவசரம்தானே"ன்னு இழுத்தார். "போங்கப்பான்னா!"ன்னு ஒரு அதட்டல். போயிட்டார். நான் துடைப்பத்தைச் சுவர்ல சாய்ச்சு வச்சுட்டு முந்தானையால மூக்கைச் சிந்தினேன், வேற ஒண்ணுமில்லை, ஃபினாயில் நெடி.

வரிசையில நின்ன மத்ததுங்க சும்மா இருக்குமா? நர்ஸம்மாவைப் பார்த்து, ஆஸ்பத்திரியில மாத்திரை ஏன் கிடைக்கிறதில்லைன்னு ஒரு பூட்டுக்காரர் கேட்டார். எனக்கும் அதே தொல்லைதான்னு ஒரு கடப்பாரை சொல்லிச்சு. நர்ஸம்மா, நீ அதுக்கு என்ன திட்டம் வச்சிருக்கேன்னு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. சாயங்கால பஸ்ஸை நிறுத்தினதைப் பத்தி வாத்தியார் சொன்னார். கத்தல் இல்லை, விசில் இல்லை, எல்லாம் தலையாட்டிக் கேட்டுச்சுங்க. உள்ள போயிட்டு வந்தவங்ககூட கூட்டத்துக்குத் திரும்பாம அங்கயே நின்னாங்க. "உங்க தம்பி சொல்றது சரிதான், நல்ல மனுஷன்"னு எத்தனை பேர் என்கிட்ட சொன்னாங்க தெரியுமா? கடைசியில ரெண்டு கூடத்தையும்விட உன் நடைபாதையிலதான் கூட்டம் அதிகம்! தட்டிக்கு ரெண்டு பக்கமும் பேச்சாளருங்க காலி நாற்காலியைப் பார்த்துக் கத்திக்கிட்டு இருந்தாங்க.

அதனால என் முடிவான முடிவு: நில்லுடா! மதில்மேல் பூனை மாதிரி மாமியார் வீட்டு மாடியில உக்காந்திருக்காதே. ஊருக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, என் கண்ணால பார்த்துட்டேன். தொண்டைக்கு வெந்நீர் குடி, மாமியாருக்குத் துணி துவைச்சுக் கொடு, வியாழக்கிழமை பஸ்ஸைப் பிடிச்சு நேரா இங்க வா.

உன் மாமியாருக்கு என் வணக்கமும், உன் மனைவிக்கு என் அன்பும், இந்த மாப்பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளும் அந்த வீட்டுச் சுவர்களுக்கு என் நன்றியும். நீ நூறு வயது நன்றாக இருந்து, அதில் ஒரு நாளாவது சட்டென்று ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு அக்கா.

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டி பஸ்ஸுல கொடுத்தனுப்பறதுக்கு முன்னாடி, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்னு வீட்டுல கேட்டேன். உன் மச்சான் சொன்னார்: "அவன் தங்கமானவன்தான். ஆனா அவனுக்குப் போட்டா கடப்பாரை வந்துடுமே, அந்தப் பயத்துலதான் பூட்டுக்குப் போடறேன்." பொண்ணைக் கேட்டேன்: "மாமா சொல்றதுதான்மா சரி. ஆனா பூட்டு வந்துடுமே, அதனாலதான்." வரிசையில நின்ன பத்துப் பேரைக் கடைக்குப் போற வழியில பார்த்தேன், பத்தும் இதே பாட்டு. ஜெயிக்கிற மாதிரி தெரிஞ்சா உனக்கே போடுவாங்களாம், நீ முதல்ல ஜெயிச்சுக் காட்டணுமாம். உன்கிட்ட மறைப்பானேன், எனக்கும் பூட்டுன்னா கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, அதனால என் ஓட்டை இந்த ஒரு தடவை மட்டும் கடப்பாரைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன், கோவிச்சுக்காதே. அதுக்காக நீ வாபஸ் மட்டும் வாங்கிடாதேடா. நீ நிக்கலைன்னா, ஓட்டுப் போட்டுட்டு வந்து "ஐயோ, அவனுக்குப் போட்டிருக்கலாமே"ன்னு நாங்க எல்லாரும் யாரை நினைச்சு வருத்தப்படறது?