சொர்க்க ரதத்துக்குப் பின்னால் முதல் கியரில்

கியர் வண்டியில் கீழே மூன்று பெடல்கள் இருக்கின்றன. மனுஷிக்குக் கால்கள் இரண்டுதான். இந்தக் கணக்கு எனக்குக் கடைசி வரை உதைத்துக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் நான் கணக்கு டீச்சர். (என்னிடம் படித்த பிள்ளைகள் கண்ணில் இது படாமல் இருக்கணும்.)

நாற்பது வயதைத் தாண்டும் வரை கார் ஓட்டவேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் சேகர் உரக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. மாவட்டம் முழுக்க ஊர் ஊராகக் காரில் அலைச்சல். அவர் வண்டி ஓட்டியதை விடப் பேசியதுதான் ஜாஸ்தி. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் முன்னால் போகிற கரும்பு லாரிக்கு புத்தி சொல்லிக்கொண்டே போவார். இந்த மனுஷன் கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டாரா என்று எத்தனையோ நாள் நான் நினைத்ததுண்டு.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே அடியில் போய்விட்டது. கைகால் பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார் டாக்டர். பேச்சைப் பற்றிக் கேட்டேன். "வரலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு "வரலாம்" மட்டும்தான் எங்கள் கையில் இருந்தது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பார். ஒன்றும் வராது. மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். உடற்பயிற்சி சிகிச்சைக்கு டவுனுக்குப் போகவேண்டும். ஆட்டோவில்தான் கூட்டிப்போனேன். ஒவ்வொரு முறையும் ஆட்டோக்காரர் அவரை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்குவார். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். வாசலில் அவருடைய வெள்ளைக் கார் புழுதி படிந்து நின்றது.

அவருடைய தம்பி ஏழுமலை ஒருநாள் வந்து, சும்மா நிற்கிற வண்டி கெட்டுப்போகும் அண்ணி, நல்ல விலை வரும்போதே தள்ளிவிடலாம் என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் கட்டிலில் இருந்தவரின் முகத்தை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"விக்க வேணாம். நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏழுமலை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினான். சிரித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

வேங்கிக்கால் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் கரீம் பாய். அமைதியான மனிதர். பக்கத்து சீட்டில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டி என் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கலெக்டர் ஆபீஸ் முன்னால் பஸ்களுக்கு நடுவே கூட ஒருமுறையும் நின்றதில்லை. எனக்குள் இத்தனை வருஷம் ஒரு டிரைவர் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. பாயின் காலடியிலும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதை அவர் எப்போதும் மிதித்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் தெரியாது.

தெரிந்தபோது லைசென்ஸ் வந்து, எங்கள் சொந்தக் காரில், என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் இருந்தேன்.

அன்று காலை பத்து மணி சிகிச்சைக்குக் கிளம்பியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைத் தூக்கி முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டார்கள். லைசென்ஸ் வந்த பிறகும், ஊர் நன்மைக்காக, முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டியிருந்தேன். தெருவைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. மறுபடி கிளப்பினேன். தவளை மாதிரி நாலு தாவு தாவி மறுபடி நின்றது. பாதையோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த சாமியார்கள், உலகப் பற்றையெல்லாம் விட்டவர்கள், என் வண்டி வருகிற வரத்தைப் பார்த்ததும் சொம்பும் மூட்டையுமாக எழுந்து புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றார்கள். என் வீட்டுக்காரர் இடது கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை மட்டும் துடித்தது.

குபேர லிங்கத்தைத் தாண்டியதும் பறைச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெரு ஒன்றிலிருந்து பூ ஜோடித்த சொர்க்க ரதம் திரும்பி எனக்கு முன்னால் ஏறியது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரியவர் படுத்திருந்தார். ஊர்வலம் ஈசான்ய மயானத்துக்குப் போகிறது. முந்திப் போக எனக்கு தைரியம் இல்லை. நின்று வழிவிடலாம் என்றால், நின்றால் மறுபடி கிளம்புமா என்ற பயம். நான் யோசித்து முடிப்பதற்குள் கூட்டத்தில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் ஆகி, நான் சாவு ஊர்வலத்துக்கு நட்டநடுவே இருந்தேன்.

வண்டி நின்றது. சுற்றிலும் பறையடி, பட்டாசுப் புகை. யாரோ பின் கதவைத் திறந்தார்கள். வயசான அம்மா ஒருத்தரும் கூடவே ஒரு நடுவயதுப் பெண்ணும் ஏறி உட்கார்ந்தார்கள். (இப்போதெல்லாம் பெண்களும் சுடுகாடு வரை போகிறார்கள்.) உறவுக்காரர்களின் கார் என்று நினைத்திருக்க வேண்டும். பானெட்டில் ஒருவர் சாமந்தி மாலையைத் தூக்கிப் போட்டார். நாங்கள் இந்தச் சாவுக்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், சாவியைத் திருகுவதும் கும்பிடுவதுமாக இருந்தேன்.

அந்த அம்மா இறந்தவருக்குத் தங்கை. ஏறியதும் ஒப்பாரியை ஆரம்பித்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒப்பாரியும் குலுங்கி அறுந்து, அடுத்த குலுக்கலில் விட்ட இடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். அதைக் கண்ணாடியில் பார்த்த அந்த அம்மா, "பாரு, இவருக்கும் தாங்கல" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லி இன்னும் சத்தமாக அழுதார்.

அழுகைக்கு நடுவே அண்ணனிடம் கேட்க ஆரம்பித்தார். இப்படி வாய் பேசாம கெடக்கறியே, நாங்க கூப்புடறது காதுல விழலையா, ஒரே ஒரு வார்த்த பேசிட்டுப் போக்கூடாதா என்று.

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அத்தனை மாதமாக ராத்திரியும் பகலும் நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை யாரோ ஒருத்தர் ராகம் போட்டு எனக்குப் பின்னாலிருந்து பாடுகிறார். என் பக்கத்தில் இருப்பவர் உயிரோடுதான் இருக்கிறார், ஆனாலும் அதே கேள்விதான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நானும் அழுதேன். கண் முழுக்கத் தண்ணீர். முன்னால் சொர்க்க ரதம் நின்றது எனக்குத் தெரியவில்லை.

டம் என்று ஒரு சத்தம். பெரிய அடி இல்லை. ஆனால் ரதத்தின் பின்னால் கட்டியிருந்த பூ வளைவு அவிழ்ந்து என் பானெட்டில் விழுந்தது. பறை நின்றது. எல்லாரும் திரும்பினார்கள்.

அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"க்ளட்ச்."

திரும்பினேன். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இடது கையை என் காலை நோக்கி நீட்டியிருந்தார். பழைய குரல். கரும்பு லாரிக்கு புத்தி சொன்ன அதே குரல்.

"என்னங்க, என்ன சொன்னீங்க?"

"க்ளட்ச்" என்றார் மறுபடி, கோபமாக.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. கதவைத் திறந்து வெளியே குதித்தேன். சிரிப்பும் அழுகையுமாக, சாவு ஊர்வலத்துக்கு நடுவில் நின்று, கையைத் தூக்கிக் கத்தினேன்.

"பேசிட்டாருங்க! பேசிட்டாரு!"

கூட்டம் மொத்தமும் சொர்க்க ரதத்தைப் பார்த்தது.

பின் சீட்டிலிருந்த அம்மா செருப்பைக் கூட விட்டுவிட்டு இறங்கி ஓடினார். "எங்கண்ணன் பேசிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். யாரோ அவசரமாக ரதத்தின் கதவைத் திறந்தார்கள். அவர் உள்ளே கையை நீட்டி அண்ணன் கன்னத்தைத் தொட்டார். மூக்கின் கீழே விரலை வைத்தார். வைத்தது வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

கொள்ளிச் சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்த மகன் திரும்பி வந்தார். ஈர வேட்டி, தூக்கமில்லாத கண். பேசினது யாரு என்று என்னைக் கேட்டார். நான் காருக்குள் கையைக் காட்டினேன். என் வீட்டுக்காரர், ரொம்ப மாசமாகப் பேச்சில்லை, இப்போதுதான் வந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, ஞாபகமில்லை. அவர் குனிந்து காருக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு இனிமே எதுவும் அடிபடாது, விடுங்க" என்றார். "நீங்க மொதல்ல வண்டிய நியூட்ரல்ல போடுங்க."

நாலு பேர் சேர்ந்து எங்கள் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். செருப்பை எடுக்க அந்த அம்மா திரும்பி வந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் வீட்டுக்காரரின் தலையை ஒரு தரம் தடவி, "நல்லா பேசு சாமி" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். பறை மறுபடி ஆரம்பித்தது.

அன்று சிகிச்சைக்குப் போகவில்லை. கரீம் பாய்க்கு போன் செய்து வரவழைத்து, அவர் ஓட்ட, வீடு வந்து சேர்ந்தோம். சாவில் கலந்துகொண்டவர்கள் குளிக்காமல் உள்ளே போகக்கூடாதே. யாருடைய சாவு என்றே தெரியாத சாவுக்காக, வாசல் குழாயடியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, நானும் நனைந்து அவரையும் நனைத்தேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் உடம்பு குலுங்கியது. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மாதிரிதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

இனி மளமளவென்று பேச்சு வந்துவிடும் என்று நம்பினோம். வரவில்லை. வந்தது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் க்ளட்ச், ஃபேனைப் போடு என்றாலும் க்ளட்ச், ஏழுமலை கிளம்பினால் போய்ட்டு வா என்பதற்கும் க்ளட்ச். இத்தனை மாசம் கழித்து அப்பா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அம்மா பேர் இல்லையே என்று என் மகள் கயல் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் கிண்டல் செய்வாள். அவர் தலையை ஆட்டி ரசிப்பார். நான் ஒருவழியாக ஓட்டப் பழகி அவரை டவுனுக்குக் கூட்டிப்போய் வந்தேன். தப்பு செய்தால் மட்டும் பக்கத்திலிருந்து அதே வார்த்தை வரும். அப்போது மட்டும் அதற்கு க்ளட்ச் என்றே அர்த்தம்.

பிரசவத்துக்கு வந்த கயல் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பேத்தி அவர் மடியில்தான் வளர்ந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசப் பழகினார்கள். பேச்சில் அவள் அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் போன வருஷம் மழைக்காலத்தில் இரண்டாவது முறை வந்த பக்கவாதத்தில் இறந்துபோனார்.

இந்த ஜூனில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் வாரமே அவளுடைய மிஸ் போன் செய்தார். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் காலையிலிருந்து க்ளட்ச், க்ளட்ச் என்று அழுகிறாள், வீட்டில் கார் பொம்மை ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். நான் அவள் தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவர் அதையேதான் சொல்வார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"சரிங்கம்மா" என்றார் மிஸ். "தண்ணி குடுத்துடறேன்."