குழந்தையை யார் தூக்குவது?

"இந்தக் கொழந்தைக்கு அம்மை குத்த முடியாதும்மா," என்றார் அம்மை குத்த வந்தவர். இரண்டு வயது புஷ்பத்தின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் புண் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. "இதோட குத்தினா உடம்பு பூரா புண்ணாய்டும். ஆறட்டும்."

தாய் தேவகிருபை தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆம்பூரில் பக்கத்துத் தெரு வரைக்கும் பெரியம்மை வந்துவிட்டது.

"அதுவரைக்கும் இன்னா பண்றது ஐயா?"

"சுத்தி இருக்கிறவங்க குத்திக்கட்டும். அவங்களுக்கு வரலைன்னா இவளுக்கு யாரு குடுக்கப்போறா? ஆனா ஒண்ணு..."

அந்த ஒன்றைக் கேட்க அவள் அங்கே இல்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டு ஹலீமா பீயிடம் ஓடினாள்.

"உன் புள்ளைக்காகன்னா இந்தா என் கை. என் மாமியாகிட்ட நீயே பேசு."

மாமியாரோ, "மொதல்ல நீ குத்திக்கினு காட்டு," என்றாள். தேவகிருபை காட்டினாள். அப்புறம் தெருவே வரிசையில் நின்றது. தோல் கிடங்கு மேஸ்திரி ஆபித் பாஷாகூட, "பேஜார் புடிச்ச பொம்பளை!" என்று முனகியபடி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மிச்சம் அவள் புருஷன் ஜெயகரன்தான். ராணிப்பேட்டையில் இரண்டு மாசம் வேலை பார்த்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தான். அம்மை என்ற பேச்சை எடுத்ததும் பரண்மேல் ஏறிக்கொண்டான்.

"எனக்கு வேணாம்!"

"ஊரே நம்ம புள்ளைக்காக நிக்குது. பெத்தவன் நீ ஒளிஞ்சிக்கிறியேய்யா!"

அவன் இறங்கவில்லை. அவள் தெருவைப் பார்த்துக் கும்பிட்டாள். "உங்க எல்லாரையும் கர்த்தர் நல்லா வெப்பாரு."

"சந்தோஷம்மா," என்றார் அம்மை குத்துபவர். "அப்பவே சொல்ல வந்தேன், நீ நிக்கலை. குத்திக்கினவங்க, குத்தின எடத்துப் பொருக்கு உதிர்ற வரைக்கும் இந்தக் கொழந்தையத் தொடவே கூடாது. அவங்க புண்ணு நீர் பட்டாலே ஆபத்து."

குழந்தையை வாங்க நீண்ட ஹலீமா பீயின் கை சட்டென்று பின்னுக்குப் போனது. தெருவே இரண்டடி விலகியது. தேவகிருபை பதறிப்போய்க் குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டாள். புஷ்பம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வீறிட்டது. தூக்கத்தான் ஆளில்லை.

பரண் கிறீச்சிட்டது. ஜெயகரன் தொப்பென்று குதித்து மகளை வாரி அணைத்துக்கொண்டான்.

"ஐயோ, அவர் குத்திக்கலையே! அவர்கிட்டேர்ந்து புள்ளைக்கு வந்துட்டா?" என்று அலறினாள் தேவகிருபை.

மருந்துப் பெட்டி தூக்கிவந்த பியூன் காசி சிரித்துவிட்டான். "போன மாசம் நான் ராணிப்பேட்டை கேம்புல இருந்தப்பவே அவருக்குக் குத்தி, பொருக்கும் உதிர்ந்தாச்சும்மா. ஊசியப் பாத்ததும் மயங்கி என் மடியில விழுந்தத உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு!"