சட்டைப்பைக்குள் மேசை

தெருவிளக்குத் துறையில் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது. தவறுதலாகத்தான். அலுவலகக் கணினிகளில் காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திறமூல இயங்குதளத்தைப் போட்டார்கள். ஓடியது. வைரஸ் வரவில்லை. துறைக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

பாராட்டு வாங்கிய இயக்குநர் சும்மா இருப்பாரா? கூட்டம் போட்டார்.

“மேசையில ஓடறது சட்டைப்பையில ஏன் ஓடாது?” என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. யாரும் வாய் திறக்காததை ஏகமனதான ஒப்புதல் என்று குறித்துக்கொண்டார்கள். மறுநாளே சுற்றறிக்கை வந்தது.

‘ஊழியர் அனைவருக்கும் வழங்கப்படும் புதிய கைப்பேசிகளில், மேற்படி மேசை இயங்குதளம் இம்மியும் மாற்றப்படாமல், உள்ளது உள்ளபடி நிறுவப்படும். பழைய கைப்பேசிகளை ஊழியர்கள் மனமுவந்து ஒப்படைக்க வேண்டும். மனம் உவக்காதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

துறையின் தலைமை எழுத்தருக்கு ‘சுற்றறிக்கை’ என்றே பட்டப்பெயர். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் படிப்பார். படிப்பதோடு நிற்காமல் அதன்படி நடக்கவும் செய்வார். அந்தக் கெட்ட பழக்கம் அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான்.

வாசலில் வைத்திருந்த இரும்புப் பெட்டியில் தம் பழைய போனைப் போட்டார். அடித்தகட்டில் விழுந்து டங்கென்றது. நாம்தான் முதல் ஆள் என்று அவருக்குப் பெருமை. முதல் ஆள்தான். கடைசி ஆளும் அவர்தான். அது அவருக்குத் தெரியாது.

புதுப் போன் வந்தது. மேசைத் திரையில் இருந்ததெல்லாம் அப்படியே உள்ளங்கையளவுக்குச் சுருங்கி நின்றது. பொத்தான் ஒவ்வொன்றும் கடுகு. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் விரல் அமுக்கியது. சுற்றறிக்கை மணி பார்க்கப் போய், போனை அணைத்து, மொழியை மாற்றி, இல்லாத அச்சுப்பொறிக்கு ஓர் ஆவணத்தை அனுப்பினார்.

இந்த வேலைக்கென்று துறை ஒரு நிபுணரை வைத்திருந்தது. முகத்தில் பாதிக்கு மேல் தாடி. அதனால் பெயரும் தாடிதான். சுற்றறிக்கை அவரிடம் போனார்.

“தம்பி, எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா?”

“முடியாதுன்னு யார் சொன்னா? நிரல் திறந்துதான் கெடக்கு. நீங்களே உக்காந்து மாத்திக்கலாம். அதுதான் சார் சுதந்திரம்.”

“எனக்கு நிரல் எழுதத் தெரியாதே.”

“தெரியலைங்கிறதும் உங்க சுதந்திரம்தான்.”

“எனக்குப் பேசணும் தம்பி. அவ்வளவுதான்.”

“எல்லாரும் இப்படியே பேசணும் பேசணும்னா தத்துவம் எப்ப சார் வளரும்?”

விரலால் ஆகாது என்று முடிவானதும் ஆளுக்கொரு மவுஸ் கொடுத்தார்கள். மவுஸை உருட்ட இடம் வேண்டும். நடந்துகொண்டே உருட்ட மேசைக்கு எங்கே போவது? தச்சரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பலகை செய்தார்கள். இரண்டு பக்கமும் வார் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். பலகை நடுவில் போன், வலப்பக்கம் மவுஸ், முன்னால் கீபோர்டு. போன் சூடேறியதால் ஒரு சின்ன விசிறி. விசிறிக்கு ஒரு பேட்டரி. பேட்டரி கனத்துக்குப் பலகை முன்னால் சாய்ந்ததால் முதுகுப் பக்கம் ஒரு செங்கல்.

நடைவழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் பலகையோடு பலகை கோத்துக்கொண்டது. உடனே நடைவழியை ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். பக்கத்து அறைக்குப் போக வேண்டியவர் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போனார். ‘ஊழியர்களின் உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று இயக்குநர் மேலே எழுதினார்.

அதையெல்லாம் சுற்றறிக்கை பொறுத்துக்கொண்டார். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. மேசைக் கணினியில் எதைப் புதிதாகச் செய்தாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். இம்மியும் மாற்றக் கூடாது என்பது ஆணை. ஆகவே யாராவது கூப்பிட்டால் போன் அடிக்கவில்லை. திரையில் ஒரு கட்டம் வந்தது: ‘அழைப்பு வந்துள்ளது. ஏற்பதற்கு நிர்வாகியின் கடவுச்சொல்லை இடுக.’

நிர்வாகி இயக்குநர். கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அழைப்பு வந்தவர் கழுத்துப் பலகையோடு அவர் அறை வாசலில் நிற்க வேண்டும். அவர் வந்து தட்டுவதற்குள் கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்துவிடுவார்.

“இது வழு இல்ல சார். பாதுகாப்பு,” என்றார் தாடி.

சுற்றறிக்கைக்கு இது வெறும் அலுவலகச் சங்கடம் இல்லை. மகளுக்கு முதல் பிரசவம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, கப்பல் நடுக்கடலில். “நீங்க பக்கத்துல இருந்தாத்தாம்பா நான் பிரசவ ரூமுக்குள்ள போவேன்,” என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எந்த நிமிஷமும் வலி வரலாம் என்று டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க இது கழுத்துல?”

“போன்.”

“இதுல போன் எங்க?”

“இது மொத்தமும்தான்.”

“சரி. வலி வந்து நான் கூப்பிட்டா எடுப்பீங்களா?”

“எடுப்பேன். இயக்குநர் கையில வேலை இல்லாம இருந்தா.”

“அவர் என்னைக்குங்க வேலை பாத்திருக்கார்?”

நியாயமான கேள்வி.

புதுப் போன் திட்டத்தின் திறப்பு விழா நாள் வந்தது. மேலிடத்திலிருந்து செயலாளர் நேரில் வந்தார். கூட்ட அறையில் ஊழியர்கள் பலகை இடிக்காதபடி எட்ட எட்ட நின்றார்கள். எல்லார் முன்னாலும் ஓர் அழைப்பை ஏற்றுக் காட்ட வேண்டும். அதற்குச் சுற்றறிக்கையை மேடையேற்றினார்கள். துறையில் ஒழுங்கானவர் அவர்தானே.

அந்த நேரம் பார்த்துத் திரையில் கட்டம் வந்தது. ‘அழைப்பு: வீட்டுக்காரி.’

“சார், என் பொண்ணுக்கு வலி வந்துடுச்சு போல. கடவுச்சொல்லைப் போடுங்க.”

இயக்குநர் செயலாளரைப் பார்த்துச் சிரித்தபடி, பல்லுக்கிடையில் பேசினார். “எல்லாரும் பாக்கறாங்கய்யா. ரகசியமாச்சே.”

“அப்ப என் காதுல சொல்லுங்க சார்.”

“உனக்கு மட்டும் சொல்லலாமா? எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லு.”

சபையே கண்ணை மூடியது. செயலாளரும் மூடிக்கொண்டார். இயக்குநர் தட்டினார். தவறான கடவுச்சொல் என்றது. மறுபடி தட்டினார். கீபோர்டு வேறு மொழியில் இருந்தது. மொழியை மாற்ற நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அதற்குள் கட்டம் மறைந்துவிட்டது.

சுற்றறிக்கையின் மனைவி விடுகிற ஆள் இல்லை. துறைச் சுற்றுலா போனபோது வாங்கிவைத்த எண்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள்.

காசாளரின் இடுப்பிலிருந்து சேவல் கூவியது.

செயலாளர் கண்ணைத் திறந்தார். “என்னது அது?”

“பக்கத்து வீட்டுச் சேவல் சார்,” என்றார் காசாளர், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே.

தட்டச்சு அம்மாளின் கைப்பையில் கிளி கத்தியது. பண்டகக் காப்பாளரின் காலுறைக்குள் வாத்து. தாடி இருமிப் பார்த்தார். இருமலையும் மீறி அவர் தாடிக்கடியில் மைனா பேசியது. பழைய போன், காசு கொடுத்து வாங்கிய இயங்குதளம்.

“தெருவிளக்குத் துறையில இவ்வளவு பறவையா!” என்றார் செயலாளர்.

“வெளிச்சம் இருந்தா வரும் சார்,” என்றார் இயக்குநர். சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய கோட்டுப் பையில் குயில் கூவியது.

சுற்றறிக்கைக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டிக்குள் கிடப்பது அவர் போன் ஒன்றுதான்.

“சார், அது என் வீட்டுக்காரி. எடுங்க.”

“எதை எடுக்க? எங்கிட்ட என்ன இருக்கு?”

“சார், அங்க என் பொண்ணு உள்ள போக மாட்டேன்னு அடம் புடிச்சிட்டிருப்பா.”

“அது குயில்யா. குயில்கிட்ட உன் பொண்ணைப் பத்தி என்ன கேக்கப்போற?”

வாழ்நாளில் முதல் தடவையாகச் சுற்றறிக்கை ஒரு சுற்றறிக்கையை மீறினார். இயக்குநரின் கோட்டுக்குள் கையை விட்டுக் குயிலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

“எங்கங்க தொலைஞ்சீங்க? கட்டிலைப் புடிச்சிக்கிட்டு அப்பா அப்பாங்கறா! ஊர்ல இருக்கறவன் நம்பரெல்லாம் அடிச்சிட்டேன், ஒரு பாவியும் எடுக்கலை!”

“இதோ வந்துட்டேன்னு சொல்லு!”

ஓடினார். கதவில் பலகை சிக்கியது. பக்கவாட்டில் திரும்பினார். செங்கல் சிக்கியது. வாரை அறுத்துக்கொண்டு, பலகையையும் துறையையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அவர் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு உள்ளே போனாள். பேத்தி பிறந்தாள்.

இங்கே கூட்ட அறையில் இயக்குநருக்கு வியர்த்தது. செயலாளர் மெதுவாக எழுந்தார்.

“அழைப்பு வந்ததா?”

“வந்தது சார்.”

“எடுத்தாரா?”

“எடுத்தார் சார்.”

“பேசினாரா?”

“ஊருக்கே கேக்கற மாதிரி சார்.”

“பிறகென்ன? சோதனை வெற்றி!” என்றார் செயலாளர். அப்போது அவருடைய கால்சட்டைப் பைக்குள் ஒரு தவளை கத்தியது. வெளியே போய்த் தவளையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து, திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்படும் என்று அறிவித்தார்.

இயக்குநருக்குப் பதவி உயர்வு. சுற்றறிக்கைக்கு இரண்டு காகிதம் வந்தன. ஒன்று, புதிய கைப்பேசியில் முதல் அழைப்பை ஏற்ற சாதனைக்குப் பாராட்டுப் பத்திரம். இன்னொன்று, மேலதிகாரியின் உடையில் இல்லாத ஒரு பொருளை எடுத்த குற்றத்துக்கு விளக்கம் கேட்டு.

திட்டம் நாடெங்கும் வந்த பிறகு ஒரு நாள், பேத்தியைப் பார்த்துவிட்டு வந்த வழியில் அவர் ஒரு கடையில் ஏறினார்.

“ஒரு பழைய போன் வேணும்பா.”

கடைக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “போன்லாம் இப்ப விக்கக் கூடாது பெரியவரே. பறவைதான் இருக்கு. எது வேணும்?”

இப்போது நம் எல்லாருடைய கழுத்திலும் பலகை இருக்கிறது. ஊருக்குள் பறவைகள் பல மடங்கு பெருகிவிட்டதாக வனத்துறை புள்ளிவிவரம் வெளியிட்டு, அதற்குத் தனியாக விழா எடுத்தது. நாமும் போனோம். நன்றாகக் கை தட்டினோம். பையில் இருப்பது கீழே விழுந்துவிடாமல், பதமாகத் தட்டினோம்.