உன் அக்கா உக்காந்த நாற்காலி

கர்த்தருக்குள் பிரியமான மச்சானுக்கு, உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் கிருபையால் சுகம். உன் அக்கா முழங்கால் மட்டும் இன்னும் கிருபைக்குள்ள வரல. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உன் தொப்பையும் சுகமா இருக்க ஜெபிக்கிறேன்.

"அக்கா கோயில்ல பரிசுத்தத்தைக் கெடுத்துட்டாங்களாமே"ன்னு கேட்டிருந்தே. அப்படி ஒண்ணும் பண்ணல, உக்காந்தா. நாற்காலியில உக்காந்தா. பீடத்துப் பக்கத்துல கயிறு கட்டி வச்சிருக்காங்களே, நம்ம சபையோட முதல் போதகர் நாற்காலி, அதுல. அதைத் துடைக்கத் தனித் துணி, தனி எண்ணெய். உள்ள வர்ற சனம் சிலுவைக்குக் குனியுதோ இல்லையோ, அதுக்குக் குனியும். போன மாசம் பொம்பளைங்க பக்கத்துல நல்லா ஓடின ஃபேனைக் கழட்டி அதுக்கு மேல மாட்டினாங்க. ஏன்னு கேட்டா மரத்துக்கு வேர்க்குமாம். நாப்பது வருஷமா தச்சு வேலை பார்க்குறேன், எந்த மரமும் என்கிட்ட வேர்க்குதுன்னு சொன்னதில்ல.

அன்னைக்குத் திருவிருந்து. உன் அக்கா வெறும் வயித்தோட, ஃபேனும் இல்லாம வெந்துபோயி அப்பம் வாங்க முன்னால போனவளுக்குத் தலை சுத்திடுச்சு, கைக்கு எட்டினது அந்த நாற்காலி, கயிறைத் தள்ளிக்கிட்டுப் பொத்துன்னு உக்காந்துட்டா. பாட்டு நின்னுச்சு. அப்பம் வச்சிருந்த போதகர் கை அந்தரத்துல நின்னுச்சு. மணியடிக்கிறவர் "ஐயோ! எழும்புங்க!"ன்னு கத்தின கத்துல இவ பதறி எழும்பி முழங்கால் அடிபட விழுந்தா. சனம் ஓடி வந்துச்சு. பாதிப் பேர் நாற்காலிக்கு ஏதாச்சும் ஆச்சான்னு பார்த்தாங்கப்பா!

கமிட்டி கூடி, இவ நாற்காலி முன்னால நின்னு மன்னிப்புக் கேக்கணும்னு முடிவு பண்ணுச்சு. "நாற்காலி மன்னிச்சிடுச்சுன்னு எப்படித் தெரியும், தலையாட்டுமா?"ன்னு கேட்டேன். என்னை வெளிய அனுப்பிட்டாங்க. உன் அக்கா மூணு வாரமா கோயிலுக்கு வரல. ஞாயித்துக்கிழமை ஆனா நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு, வேதப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு, மணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பா. "நான் அவ்வளவு பெரிய பாவியாங்க?"ன்னு கேப்பா. நான் உளியைத் தேடுற சாக்குல எழும்பிப் போயிடுவேன்.

ஏன்னா உண்மை என்கிட்ட இருக்கு மச்சான். முப்பது வருஷத்துக்கு முந்தியே அசல் நாற்காலியைக் கரையான் தின்னுடுச்சு. அப்ப இருந்த போதகர் என்னை ரகசியமா கூப்பிட்டு, சபை நூறாவது வருஷத்துக்கு நாலு நாள்தான் இருக்கு, அதே மாதிரி ஒண்ணு பண்ணுன்னு கெஞ்சினார். அவசரத்துக்கு மரம் எங்க கிடைக்கும்? உங்க அப்பா கல்யாணத்துக்குக் குடுத்த கட்டிலை அறுத்தேன். பழசாத் தெரியச் செருப்பு பாலிஷ் போட்டேன். கட்டிலைக் கரையான் தின்னுச்சுன்னு உன் அக்காகிட்ட சொன்னேன். கரையான் நெசம், தின்னதுதான் வேற.

மூணாவது ஞாயிறு கோயில்ல உண்மையைப் போட்டு உடைச்சிடலாம்னு எழும்பிட்டேன். அப்ப நம்ம தெரு தையல்காரம்மா கயித்துக்கு வெளிய இருந்தே எட்டி அந்த நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நிக்குது. மகன் வீட்டை விட்டுப் போயி எட்டு வருஷமா இப்படித்தான் வாரா வாரம் நிக்கும். செருப்பு பாலிஷ்னு எப்படிய்யா சொல்றது? உக்காந்துட்டேன்.

அன்னைக்குச் சாயந்தரம் அந்தத் தையல்காரம்மாவே வீட்டுக்கு வந்துச்சு. "அக்கா, அடுத்த வாரம் வர்றீங்க"ன்னுச்சு. இவ "நாற்காலி..."ன்னு இழுத்தா. "என் பிள்ளை போனப்ப பத்து நாள் என்கூட வந்து படுத்தது நீங்களா, நாற்காலியா?"ன்னு ஒரு போடு போட்டுச்சு. அடுத்த ஞாயிறு கைப்பையிலருந்து தையல் கத்திரியை எடுத்துக் கயிறை நறுக்கிட்டு, "இங்க காத்து வருது, உக்காருங்கக்கா"ன்னுச்சு. மணியடிக்கிறவர் வாயைத் திறந்தார். இது கத்திரியை ஒரு தடவை சும்மா நறுக்குன்னு சத்தம் காட்டுச்சு. மூடிட்டார். போதகர் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உன் அக்கா சொல்றா: "ஏங்க, அதுல உக்காந்தா ஏனோ எங்கப்பா ஞாபகமாவே வருது." எனக்கு இருமல் வந்துடுச்சு.

கட்டில் விஷயம் உன் வயித்துக்குள்ளயே இருக்கட்டும், அங்க இடத்துக்கா பஞ்சம்? உன் வீட்டுக்காரிக்கு என் வாழ்த்து, பிள்ளைங்களுக்கு முத்தம். ஆண்டவர் உங்க எல்லாரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: அசல் நாற்காலியில கரையான் விட்டுவச்ச ஒரு கால் என் உளிப்பெட்டியில துணி சுத்திக் கிடக்கு. சும்மாதான். வேலை தொடங்குறதுக்கு முன்ன லேசாத் தொட்டுக்குவேன், அவ்வளவுதான். நேத்து உன் அக்கா அதை எடுத்து வெந்நீர் அடுப்புல வைக்கப் போனா. "ஐயோ!"ன்னு நான் கத்தின கத்துல, மணியடிக்கிறவர் தோத்தார்.